வுப்போவின் சப்வூஃபர்களும் ஹேஸ்கேயின் சுவரும்

வுப்போ ஆடி யாரும் பார்த்ததில்லை. கடல் அணைக்கு இந்தப் பக்கம் இருக்கிற அத்தனை ஊர்க்காரர்களையும் ஆட வைத்த மனுஷன், தன் கால் கட்டைவிரலைக்கூட அசைக்கமாட்டான். ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, சந்தையில் மாடு பார்க்க வந்தவன் மாதிரி நிற்பான்.

வாரம் முழுக்கப் பால் லாரி ஓட்டுவான். சனிக்கிழமை வந்தால் போதும், ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர், இசைத்தட்டு, கலர் விளக்கு எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு கல்யாணம், பிறந்தநாள், கால்பந்து கிளப் விருந்து என்று கிளம்பிவிடுவான். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "வேன்ல இடம் இல்ல" என்பான்.

நான் ஃபென்னா. ஏல்சும் ஊரில் ஒரு கஃபேயும் அதன் பின்னால் ஒரு விருந்து மண்டபமும் வைத்து நடத்துகிறவள். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். இருக்கட்டுமே, இத்தனை குடிகாரர்களை வைத்துக்கொண்டு வாய் குட்டையாக இருந்தால் கடை நடத்த முடியுமா? வுப்போவின் பாதி நிகழ்ச்சிகள் என் மண்டபத்தில்தான். அதனால் எங்கள் சண்டையும் அங்கேதான். முட்டை உருண்டையும் கிரோக்கெட் என்கிற இறைச்சி உருளையும் பொரிக்கிற என் மின்சார எண்ணெய்த் தொட்டியும் அவனுடைய ஆம்ப்ளிஃபையரும் ஒரே ஃப்யூஸில் ஓடின. இரண்டும் சேர்ந்து இழுத்தால் மண்டபமே இருண்டுவிடும்.

"ஃபென்னா, நாலே நாலு பாட்டுக்கு அந்தத் தொட்டியை அணைச்சு வையேன்."

"ஏன்டா, வந்தவங்க உன் பாட்டைத் தின்னுட்டுப் போவாங்களா?"

சாமான் தேர்ந்தெடுப்பதில் மட்டும் அவன் யார் பேச்சையும் கேட்கமாட்டான். குரலும் மேல்சத்தமும் வருகிற மேல் ஸ்பீக்கர்களை இசையைப் போட்டு வாங்கமாட்டான். ரேடியோவில் வானிலை வாசிக்கிற பெண்ணின் குரலைப் போட்டுக் கேட்பான். அவள் பக்கத்தில் நின்று பேசுவது மாதிரி இருந்தால்தான் வாங்குவான். அந்த ஸ்பீக்கர்களைத் தாங்கியில் ஏற்றி, ஆடுகிறவர்களின் தலைக்கு மேலே நிறுத்துவான். கீழே வைத்தால் முன்வரிசையில் நிற்கிறவர்களின் வயிறே மொத்தச் சத்தத்தையும் குடித்துவிடும் என்பான். ஆம்ப் எப்போதும் ஸ்பீக்கர் கேட்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் பலத்தோடு இருக்கவேண்டும். மூச்சு முட்டுகிற ஆம்ப்தான் ஸ்பீக்கரை எரிக்கும் என்பது அவன் கட்சி. பேஸைச் சோதிக்கவோ நேரே கழிவறை நடைக்குப் போய் நிற்பான். எந்த மண்டபத்திலும் அடிச்சத்தம் போய்க் குவிகிற இடம் அதுதானாம். அங்கே நின்றும் பாட்டு இன்னது என்று தெரிந்தால் பெட்டி நல்ல பெட்டி. அவன் அங்கே நிற்பது தெரியாமல் உள்ளே போன பெண்கள் அலறியதும் உண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கோடையில் அணை ஓரம் கூடாரம் போட்டு நடக்கும் விருந்துகளில் அவனுடைய பழைய பதினைந்து இஞ்ச் பேஸ் பெட்டிகள் எடுபடவில்லை. கடற்காற்று மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனது. அடிச்சத்தத்துக்கென்றே இருக்கிற பெரிய சப்வூஃபர் வாங்குவது என்று முடிவு செய்து, ஊரில் எனக்குக் காது நன்றாக இருக்கிறது என்று என்னையும் நகரத்துக்கு அழைத்துப் போனான். கடைக்காரன் பதினெட்டு இஞ்ச் பெட்டிகள் இரண்டைக் காட்டினான். ஒவ்வொன்றும் நிற்கவைத்த சவப்பெட்டி உயரம் இருந்தது. எனக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை.

"எங்க வெச்சு ஓட்டப் போறீங்க?" என்று கேட்டான் கடைக்காரன்.

"கோடையில கூடாரம். குளிர்காலத்துல இவ மண்டபம்."

"கூடாரத்துக்குப் பிரமாதம். செங்கல் மண்டபம்னா யோசிச்சுக்கங்க. இது காதுக்குக் கேக்கிறதைவிடக் கீழ போகும். சுவர், தரை எல்லாம் வேலை செய்ய ஆரம்பிச்சுரும்."

வுப்போ பெட்டியின் வலைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். அதன் பிறகு அவன் வேறு பெட்டியைப் பார்க்கவே இல்லை. இரண்டு செட் வைத்துக்கொள்ள வேனில் இடம் கிடையாது. கூடாரத்துக்கும் மண்டபத்துக்கும் ஒன்றே என்று தீர்த்துவிட்டான்.

அந்த இலையுதிர் காலத்தில் டியார்ட்டுக்குச் செப்புக் கல்யாணம் வந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டரை வருஷம் நிறைவதை எங்கள் பக்கம் விடவே மாட்டோம். டியார்ட் பீட்ரூட் விவசாயி, சத்தமாகச் சிரிக்கிறவன், சத்தமாகவே கோபப்படுகிறவன். அக்கம்பக்கத்தார் அவன் வாசலில் காகித ரோஜா வளைவு கட்டினார்கள். விருந்து என் மண்டபத்தில். வுப்போ புதுப் பெட்டிகளை நடுவில் சேர்த்து வைத்தான், மூலையில் வைத்தால் முனகும் என்று. முதல் பாட்டிலேயே தரை காலைத் தள்ளியது. ஜனங்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து ரயில் மாதிரி சுற்றினார்கள். அடேயப்பா, அப்படி ஓர் ஆட்டம் ஏல்சும் கண்டதில்லை.

இரண்டு பாட்டுகளுக்கு நடுவே டியார்ட் மைக்கை வாங்கி மனைவிக்கு நன்றி சொல்லப் போனான். எல்லோரும் அமைதியானோம். அப்போது என் அலமாரியில் இருந்த கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுவென்று ஒலித்தன. ஒன்றை ஒன்று தொட்டு, தாமாகவே. பிறகு நின்றன.

"வுப்போ, என் பொண்டாட்டியைப் பத்திப் பேசும்போதாவது உன் பூதத்தை அடக்குடா!" என்றான் டியார்ட். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் வுப்போவைப் பார்த்தேன். அவன் சப்வூஃபர் வலைக்குள் விரல்நுனியை விட்டு, உள்ளே இருக்கும் கூம்பைத் தொட்டுக்கொண்டிருந்தான். அவன் முகம் சரியில்லை. அன்றைக்குக் கேட்கவில்லை, பின்னால் ஒருநாள் அவனே சொன்னான். டம்ளர்கள் ஒலித்தபோது கூம்பு அசையவே இல்லையாம், பெட்டியிலிருந்து சத்தமே வரவில்லையாம்.

மறுநாள் காலையில் ஹேஸ்கே வந்தாள். என் மண்டபத்தை ஒட்டிய வீடு அவளுடையது. நடுவில் ஒரே சுவர். புருஷன் மீன்பிடிக் கப்பலில் வேலை, பாதி மாதம் வீட்டில் இருக்கமாட்டான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தனியாகக் கிடப்பாள். வாசலில் நின்று, வணக்கத்துக்கு எங்கள் பக்கம் சொல்கிற "மோய்" சொன்ன குரலிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

"வந்து பாரு ஃபென்னா."

தொட்டிலுக்கு மேலே, கூரையிலிருந்து இறங்கி, சுவரில் ஒரு விரிசல். என் சுண்டுவிரல் நகம் உள்ளே போனது. தொட்டில் போர்வையில் சுண்ணாம்புப் பொடி. குழந்தை அந்தப் பொடியைத் தொட்டுத் தொட்டு விளையாடிக்கொண்டிருந்தது.

வுப்போவைக் கூட்டி வந்து காட்டினேன். அந்தப் பெரிய உடம்பு அப்படியே சுருங்கிப்போனது. கடைக்காரன் சொன்னதை அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன். தொட்டிலை எதிர்ச்சுவர் பக்கம் நகர்த்தி வைத்தான். பெட்டிகளுக்கு அடியில் ரப்பர் மெத்தை போட்டான். ஆம்பின் பலத்தைப் பாதியாக்கினான். அதோடு விடவில்லை. எந்த ஸ்வரத்தில் சுவர் ஆடுகிறது என்று கண்டுபிடித்து அதை மட்டும் வெட்டி எடுத்துவிடுகிறேன் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோதனைக்கு வந்தான்.

மண்டபத்தில் நானும் அவனும் மட்டும். ஹேஸ்கே அவள் வீட்டில், சுவரில் கையை வைத்துக்கொண்டு. அதிர்ந்தால் தட்டவேண்டும் என்று பேச்சு. வுப்போ ஆழமான ஒரு ஸ்வரத்தைப் போட்டான். காதால் கேட்டேன் என்று சொல்லமுடியாது, பல்லில் உணர்ந்தேன். ஹேஸ்கே தட்டவில்லை. இன்னும் கீழே போனான். தட்டவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினான். சுவர் கல்லாக நின்றது.

"பார்த்தியா, ரப்பர் வேலை செய்யுது" என்று சந்தோஷமாக ஆம்பை அணைத்தான்.

அப்போது தட்டினாள். மெதுவாக ஒருமுறை. பிறகு வேகமாக. பிறகு நிறுத்தாமல் இரண்டு கையாலும்.

"நிறுத்து வுப்போ! போதும், நிறுத்து!"

"நிறுத்திட்டேன் ஹேஸ்கே!"

"இல்ல, இப்பதான் வருது! நிறுத்து!"

வுப்போ ப்ளக்கையே பிடுங்கினான். ப்ளக்கைக் கையில் பிடித்தபடி ஜன்னல் வழியே அவளுக்குக் காட்ட ஓடினான். அவள் வெளியே வந்து, அவன் கையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். நம்பவில்லை. நான் நின்றிருந்த பலகைக்கு அடியில், ரொம்ப தூரத்தில், கனமான எதையோ யாரோ இழுத்துக்கொண்டு போவது மாதிரி இருந்தது. வாயைத் திறந்து சொல்லத் துணிச்சல் வரவில்லை.

மண் ஆடும் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்? எங்கள் நாட்டில் மலை கிடையாது, பாறை கிடையாது. தண்ணீர் வரும், புயல் வரும். அதற்கெல்லாம் அணை கட்டியாயிற்று. களிமண் நிலம் அசையும் என்று சொன்னால் சொன்னவனைத்தான் டாக்டரிடம் அனுப்பியிருப்போம். அதனால் வுப்போவே ஒரு காரணம் கண்டுபிடித்தான். பெட்டி பெரிசு, உள்ளே பேஸ் தேங்கி நிற்கிறது, அணைத்த பிறகும் மெதுவாகக் கசிகிறது என்றான். இவ்வளவு தெரிந்தவன் இப்படியும் பேசுவானா? பேசினான். நம்பவும் செய்தான். பெட்டிகளைத் தன் கொட்டகைக்குக் கொண்டுபோய், வாயை வைக்கோல் கட்டால் அடைத்து வைத்தான்.

அதற்குள் ஊர் பிடித்துக்கொண்டது. முதலில் கேலிதான். கஃபேயில் யாருக்காவது வயிறு கடமுட என்றால், "வுப்போ, குறைடா!" என்பார்கள். பிறகு அவன் வீட்டுக்கு ஃபோன் வர ஆரம்பித்தது. சட்டிபானை ஆடுகிறது, நாய் மேசைக்கடியை விட்டு வரமாட்டேன் என்கிறது, கொஞ்சம் குறைத்துக்கொள்ளேன் என்று. அவனோ அந்நேரம் பால் லாரியில் எங்கேயோ இருப்பான். பெட்டிகளோ வைக்கோலுக்குள். சாயங்காலம் வீடு திரும்பி, ஒவ்வொருவருக்கும் திரும்ப ஃபோன் செய்து மன்னிப்புக் கேட்டான். நான் சும்மா விடவில்லை.

"செய்யாத தப்புக்கு எதுக்குடா மன்னிப்பு?"

"நான் செய்யலேன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா ஃபென்னா?"

எனக்குத் தெரியாது. அதுதான் விஷயம். அவன் கொட்டகைப் பக்கம் போவதையே நான் விட்டிருந்தேன். வைக்கோலுக்குள் அந்த இரண்டும் நின்றுகொண்டு மூச்சுவிடுவதாகக் கனவு கண்டு விழித்திருக்கிறேன். வெட்கம்தான், ஆனால் பயந்தேன்.

டியார்ட் ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான். "அந்தப் புள்ள தலையில சுவர் விழுந்தா என்ன பண்ணுவ வுப்போ? பாட்டுப் போடுவியா?" வுப்போ கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனான். அந்த வாரமே சப்வூஃபர் இரண்டையும் அவற்றுக்கான ஆம்ப்ளிஃபையரையும் தெற்கே ஏதோ கூடாரக் கம்பெனிக்குத் தள்ளிவிட்டான். ஆசை ஆசையாக வாங்கியதை முழுசாக ஒரு கோடைகூட ஓட்டவில்லை. மிஞ்சியது இரண்டு சின்ன மேல் ஸ்பீக்கர்கள், வானிலைக்காரி பேசுகிற மாதிரியான இரண்டு.

நவம்பரில் செயின்ட் மார்ட்டின் நாள் வந்தது. அன்றைக்கு எங்கள் பிள்ளைகள் சர்க்கரை எடுக்கிற பெரிய வெள்ளை பீட்ரூட்டைக் குடைந்து, முகம் வெட்டி, உள்ளே மெழுகுவத்தி ஏற்றி, வீடுவீடாகப் பாடிக்கொண்டு போவார்கள். கிளம்புவதற்கு முன்னால் பெற்றவர்களோடு மண்டபத்தில் கூடிப் பாட்டு ஒத்திகை. வுப்போவை நான்தான் அழைத்தேன். அவன் பெயர் அப்படியே செத்துவிடக்கூடாது என்றுதான். பேஸ் இல்லாத பெட்டி, பிள்ளைகள் பாட்டு. ஊர் பார்க்கட்டும், சுவர் நிற்கட்டும், பேச்சு அடங்கட்டும் என்று நினைத்தேன். அவனுக்கும் அதே நினைப்புதான். சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான். ஹேஸ்கேயும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

சின்ன ஸ்பீக்கர்தானே என்ற தைரியத்தில் நான் எண்ணெய்த் தொட்டியைப் போட்டேன். பழைய ஃப்யூஸ் அதையும் தாங்கவில்லை. இரண்டாவது பாட்டில் டக்கென்று எல்லாம் அணைந்தது. ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. உள்ளே பிள்ளைகளின் கையில் பீட்ரூட் முகங்கள் மட்டும் மினுங்கின. யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. "ஃபென்னா, உன் தொட்டியை நான் கடல்ல போடப்போறேன்" என்றான் வுப்போ. அந்த இருட்டிலும் எல்லோரும் சிரித்தோம்.

அப்போது வந்தது. நிறைந்த பால் லாரி ஒன்று தரைக்கு அடியில் எங்களை நோக்கி வருவது போல. முதலில் காலில், பிறகு முழங்காலில், பிறகு நெஞ்சில். மெழுகுவத்திச் சுடர்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. மேலே உத்தரம் ஒருமுறை முறிகிற சத்தம் போட்டது. சுண்ணாம்பு கொட்டியது. பிள்ளைகள் அழவில்லை, அப்படியே வாயைத் திறந்தபடி நின்றார்கள்.

பெரியவர்கள் அத்தனை பேரும் திரும்பி வுப்போவைப் பார்த்தோம். நானும்தான்.

அவன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியிருந்தான். கையில் எதுவும் இல்லை. ஸ்பீக்கரில் விளக்கு இல்லை, மண்டபத்தில் மின்சாரமே இல்லை. அது தன் பாட்டுக்கு எங்கள் அடியில் உருண்டு, அணைப் பக்கம் போய் அடங்கியது.

"நான் இல்ல" என்றான் வுப்போ. பிறகு சத்தம் போட்டுச் சிரித்தான். "பார்த்தீங்கல்ல! நான் இல்ல! நான் இல்லவே இல்ல!"

வேறு யாரும் சிரிக்கவில்லை. டியார்ட் தன் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து வெளியே போனான். ஹேஸ்கே குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். இப்போதெல்லாம் காரணம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்: எங்கள் ஊர்களுக்கு அடியில் ஆழத்தில் இருந்து வருஷக்கணக்காக எரிவாயுவை எடுத்தார்கள், அடியில் நிலம் அமுங்கியது. அன்றைக்கு அதைச் சொல்ல எங்களிடம் யாரும் வரவில்லை. பீட்ரூட் விளக்குகளோடு அன்று ஒரு பிள்ளையும் பாடப் போகவில்லை.

மறுநாள் வுப்போ ஸ்பீக்கர்களை எடுத்துப்போக வந்தான். விசில் அடித்துக்கொண்டு வந்தான். அடுத்த கோடைக்கு மறுபடி பேஸ் எடுக்கலாம், இந்தத் தடவை பதினைந்தா பதினெட்டா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே ஒயரைச் சுற்றினான். அவ்வளவு பேசி நான் அவனைப் பார்த்ததே இல்லை. அப்போது ஹேஸ்கே உள்ளே வந்தாள். தோளில் குழந்தை. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது, தூங்கவில்லை.

"வுப்போ, நீதான்னு சொல்லு."

"எது?"

"நேத்து வந்தது. உன் பெட்டிதான்னு சொல்லு."

"ஹேஸ்கே, நீயே பார்த்தியே. கரண்டே இல்ல. பெட்டியெல்லாம் கொடுத்தே…"

"பார்த்தேன். எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லு." அவள் குரல் உடைந்தது. "உன் பெட்டின்னா உன் வீட்டுக் கதவைத் தட்டுவேன், நிறுத்துன்னு சொல்லுவேன். நீ நிறுத்துவ. இதை யார்கிட்ட போய் நிறுத்தச் சொல்றது? ராத்திரி பூரா இவளை மடியிலயே வெச்சிருந்தேன். கீழ வைக்கவே பயமா இருக்கு வுப்போ."

வுப்போ என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. நேற்றுதானே அவனுக்கு அவன் பெயர் திரும்பக் கிடைத்தது!

"நான்தான்" என்றான். "சின்னப் பெட்டியிலயும் கொஞ்சம் பேஸ் இருக்கத்தான் செய்யுது. கவனிக்காம விட்டுட்டேன், தப்புதான். இப்ப எடுத்தாச்சு. நீ போய் அவளைப் படுக்க வை. ஜன்னல் பக்கமா, சுவரை விட்டுத் தள்ளி."

"இனிமே வராதுல்ல?"

"வராது. வந்தா என்னைக் கூப்பிடு."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் டாக்டர் சொன்னதைக் கேட்டவள் மாதிரி தலையசைத்துவிட்டுப் போனாள். அந்தப் பக்கம் அவள் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

நான் வெடித்துவிட்டேன். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சாடா? நாளைக்கே ஊர் பூரா இதைச் சொல்லும். அவனே ஒத்துக்கிட்டான்னு சொல்லும். அவங்களுக்கும் இதுதான் வசதி, மண்ணு ஆடுதுன்னு நினைக்கிறதைவிட வுப்போ ஆட்டுறான்னு நினைச்சா தூக்கம் வரும். ஒருத்தனும் உன்னை விருந்துக்குக் கூப்பிடமாட்டான்!"

"தெரியும்" என்றான். விசில் நின்றுபோயிருந்தது. ஒயரைச் சுற்றி முடித்து முடிச்சுப் போட்டான். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தான்.

அப்போது என் காலடியில் பலகை நடுங்கியது. அலமாரியில் ஒரு கதவு தானாகத் திறந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, பாதித் தூக்கத்தில் திடுக்கிட்டவள் குரலில், ஹேஸ்கே கூப்பிட்டாள்.

"வுப்போ!"

அவன் வெறும் கையோடு மண்டபத்தின் நடுவில் நின்றான். தரையைப் பார்த்தான். அந்தப் பெரிய உடம்பு முழுக்க நடுங்கியதை நான் பார்த்தேன். ஆனால் சுவரைத் தாண்டிப் போகிற மாதிரி, தெளிவாக, சத்தமாகத்தான் பதில் சொன்னான்.

"இதோ, குறைச்சிட்டேன் ஹேஸ்கே! நீ தூங்கு!"